முனியாண்டி தொடாத ருசி

முனியாண்டி அய்யாவுவின் மேல் இறங்கிக் குடித்த சாராயத்தில் ஒரு சொட்டுகூட அய்யாவுவின் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. கிள்ளானில் மேரு சாலையை ஒட்டிய அந்தத் தாமான் வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு இது கோழி விலையைப் போலத் தெரிந்த செய்தி. வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது சாமி வரும், ஒரு முழுப் போத்தலை அண்ணாந்து முடிக்கும், சுருட்டுப் பிடிக்கும், நாலு பேருக்குக் குறி சொல்லும், மலையேறும். அய்யாவு எழுந்து முகத்துத் திருநீற்றைத் துடைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போவான். ஒருமுறை சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் ஊதச் சொன்னார். கருவி சுழியம் காட்டியது. கூடையில் காலிப் போத்தல் கிடந்ததைப் பார்த்துவிட்டு வேறொரு கருவி கொண்டுவரச் சொன்னார், அதுவும் சுழியம். காரணம் கேட்டபோது அய்யாவு உள்ளதைச் சொன்னான். போலீஸ்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பின்விளக்கு எரியவில்லை, மாற்றிக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மற்றவர்கள் அதிசயப்பட்டுவிட்டுப் போனார்கள். அவன் மனைவி புஷ்பவல்லிக்கு அதிசயப்பட நேரமில்லை. அய்யாவு ஒரு காலத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயத்துக்கு அடிமையாகக் கிடந்தவன். மூன்று வயது மகள் வைஷ்ணவியைக் கிள்ளான் பேருந்து நிலையத்துப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஒரே மடக்கு, இதோ வந்துவிடுகிறேன் என்று போனவன், பிள்ளையை மறந்து வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டான். நாசி லெமாக் சோறு விற்ற ஒரு மலாய்க்கார அம்மாள்தான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாம் விற்ற பிறகும் கடையைக் கட்டாமல் காத்திருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையே அவன் முனியாண்டி முன்னால் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தான். புஷ்பவல்லியும் தன் பங்குக்கு ஒன்று சொன்னாள்: இனி ஒரு சொட்டு உள்ளே போனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரவாங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன். சொன்னால் செய்கிறவள் அவள். அந்தச் சத்தியத்தைக் காது கொடுத்துக் கேட்ட சாமியே ஒரு மாதம் கழித்து அவன்மேல் இறங்கி, குடிக்கக் கேட்டது. யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? வெள்ளிதோறும் அவள் வாசல் கேட்டில் நின்று, அவன் வாயை மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவாள். பால் குடித்த பிள்ளையின் வாயைப் போல இருக்கும். ஆறு வருடம் அப்படியே போனது.

ஆறாம் வருடம், கோயிலுக்குப் பின்னால் சும்மா கிடந்த கையுறைக் கிடங்கை ஒரு நிறுவனம் எடுத்து விஸ்கியை ஊறவைக்கத் தொடங்கியது. முதிர்ந்த விஸ்கி கப்பலில் வரும். ஸ்பெயினில் ஷெர்ரி ஒயின் இருந்தது, போர்ச்சுகலில் போர்ட் ஒயின் இருந்தது, பிரான்சில் சிவப்பு ஒயின் இருந்தது என்று மூன்று வகை ஓக் மரப் பீப்பாய்கள் காலியாக வரும். விஸ்கியை அவற்றில் ஊற்றி வைப்பார்கள். அய்யாவுவுக்கு அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை கொடுத்தவர் மேலாளர் பரமேஸ்வரன். கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சலிக்காமல் விளக்குவார். ஓக் மரம் ஒயினைக் குடித்துத் தனக்குள் வைத்திருக்குமாம், விஸ்கி வந்து சேர்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்குமாம். ஷெர்ரிப் பீப்பாய் உலர்ந்த திராட்சையும் வாதுமையும் கிராம்பும் கொடுக்கும். போர்ட் பீப்பாய் பழப்பாகு போல இனிக்கும். சிவப்பு ஒயின் பீப்பாய் பச்சைப் பாக்கைக் கடித்தாற்போல நாக்கை இழுக்கும். குளிர்தேசத்தில் வருடம் பிடிக்கிற காரியம் கிள்ளான் வெக்கையில் சில மாதத்தில் முடிந்துவிடும், கொஞ்சம் கூடிப்போனாலோ விஸ்கி செத்து மரமும் ஒயினும்தான் மிஞ்சும். எதை எப்போது இறக்குவது என்பதுதான் அவருக்குச் சோறு இறங்காத கவலை. அப்படிப்பட்ட மனிதர் ஒரு வெள்ளிக்கிழமை வழக்கமான போத்தலை விட்டுவிட்டு, போர்ட் பீப்பாயில் எடுத்ததைக் கொண்டுவந்து படைத்தார். சாமி குடித்தது, உதட்டைச் சப்புக்கொட்டியது. “இன்னும் ரெண்டு அமாவாச போகட்டும்டா” என்றது. பரமேஸ்வரன் இரண்டு அமாவாசை பொறுத்தார். அந்த விஸ்கியைப் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள்.

போர்ட் படைத்த அந்த முதல் வெள்ளிக்கிழமை கேட்டில் மோந்து பார்த்த புஷ்பவல்லிக்குச் சாராய நெடி கிடைக்கவில்லை. பழப்பாகு வாசம் கிடைத்தது.

“என்னங்க வாயில?”

“ஒண்ணுமில்ல புஷ்பா. சாமி போயிருச்சு, ருசி மட்டும் போகல.”

“கொப்பளிச்சிட்டு வந்து சாப்பிடுங்க.”

அவன் கொப்பளிக்கவில்லை. ரசம் தட்டிலேயே ஆறிப்போனது. பசியில்லை என்று போய்ப் படுத்தவன், மறுநாள் மத்தியானம் வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. நாக்கில் இருப்பது கழுவிக்கொண்டு போய்விடக்கூடாது என்றுதான் பட்டினி கிடக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அடுத்து ஷெர்ரி வந்தது. அந்த ருசி இரண்டு நாள் நின்றது. பிறகு சிவப்பு ஒயின், மூன்று நாள். மழைக்காலம் முடிவதற்குள் அய்யாவுவின் சட்டைகள் தோளில் தொங்க ஆரம்பித்தன. பக்கத்து வீட்டுக் குமுதா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து விசாரித்தாள்.

“ஏன்கா, ஒங்க வீட்டுக்காரரு வெரதமா, டயட்டா? காத்துல பறந்துருவாரு போல லா.”

“சாமி வெரதம்.”

“சாமி நல்லாத்தானே சாப்பிடுது. மனுசன்தான் பட்டினி.”

புஷ்பவல்லி சிரித்து வைத்தாள். அன்று மத்தியானமே சோற்றுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்குப் போனாள். ஃபோர்க்லிஃப்ட் ஓரமாக நின்றது. அய்யாவு ஒரு பீப்பாயைக் கட்டிக்கொண்டு, அதன் வாய்த்தக்கையைப் பிடுங்கி வைத்துவிட்டு, அந்தத் துளையில் மூக்கை வைத்திருந்தான். அவள் கூப்பிட்டது இரண்டாம் தடவைதான் அவனுக்குக் கேட்டது.

“மோந்துதான் பாத்தேன்.”

“இன்னைக்கு மூக்கு. நாளைக்கு?”

அவன் தக்கையை மறுபடி பொருத்தி உள்ளங்கையால் தட்டினான். அவள் நேரே பரமேஸ்வரனின் அறைக்குப் போனாள்.

“பாஸ், இனிமே சாதா போத்தலே வைங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“வைக்காமலா இருந்தேன் அக்கா? போன வாரம் வச்சேன். கால்ல எத்தி விட்டுருச்சு. இந்த வெள்ளிக்கிழமை மூணு பீப்பாய்லயும் வேணுமாம். சாமிகிட்ட நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?”

வீட்டுக்கு வந்ததும் அவள் அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கினாள். வைஷ்ணவி தன் பள்ளிச் சீருடையைத் தானே மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். எத்தனை நாளைக்கு என்று கேட்கவில்லை. பத்து வயதுப் பிள்ளை, கேட்கக்கூடாததைத் தெரிந்து வைத்திருந்தது. சாயங்காலம் வந்த அய்யாவு பெட்டியைப் பார்த்தான், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான்.

“வெள்ளிக்கிழம வரைக்கும் பொறு புஷ்பா.”

“அன்னைக்கு என்ன மாறப் போவுது?”

“தெரியல” என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமை அவள் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் மகளுமாகக் கோயிலுக்கு வந்தாள். உருமி முழங்கியது. அய்யாவுவின் உடம்பு உதறி, கண் மேலே செருகி, சாமி வந்து நின்றது. பரமேஸ்வரன் மூன்று குவளைகளை வரிசையாக வைத்தார். போர்ட் இருந்த முதல் குவளையைச் சாமி ஒரே மூச்சில் முடித்தது. இரண்டாவதைத் தூக்கும்போது புஷ்பவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, குடிங்க, வேணாங்கல. ஆனா போறப்ப அவரு வாயத் தொடச்சிட்டுப் போங்க. ஆறு வருசமா அப்படித்தானே போனீங்க?”

உருமிக்காரன் கை நின்றுபோனது. சாமியிடம் அந்தத் தொனியில் எவரும் பேசியதில்லை.

“எனக்குப் படைச்சத நான் முழுசாக் குடிச்சிட்டேன் ஆத்தா. விஸ்கிதான் எனக்குப் படைச்சது. அதுல ஒட்டிக்கிட்டு வர்ற ஒயினு எவனோ குடிச்சிட்டு மிச்சம் விட்டது. எச்சிய நான் தொடுறதில்ல. அதான் இவன் நாக்குல கெடக்கு.”

பரமேஸ்வரன் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த மிச்சத்துக்காகத்தான் அவர் மூன்று தேசத்திலிருந்து பீப்பாய் வரவழைத்திருந்தார். எச்சிலைச் சாமிக்குப் படைக்கிறோம் என்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றவில்லை.

“அப்ப இத வேணாம்னு சொல்லிருங்க ஐயா.”

சாமி குவளையைப் பார்த்தது. “அதுல ஊறுன விஸ்கி மெத்துனு எறங்குது ஆத்தா. விட மனசு வரல” என்றது. அந்தக் குரலைப் புஷ்பவல்லி முன்பே கேட்டிருந்தாள், தன் வீட்டுக் கூடத்தில், பல வருடம். அந்தக் குரலோடு வாதாடிப் பயனில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். பெட்டியைக் கீழே வைத்தாள்.

“சரி. அவரு சாப்ட்ட தட்டுல நான் சாப்ட்டிருக்கேன். எனக்கு எச்சி பெரிசில்ல. அந்த மிச்சத்த என் நாக்குல வைங்க.”

சாமி தூக்கிய குவளையைக் கீழே வைத்தது. வைஷ்ணவி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சாமி ஒரு சிட்டிகைத் திருநீற்றை எடுத்து அய்யாவுவின் நாக்கைத் துடைத்து, அதே விரலால் அவள் நாக்கில் வைத்தது. முதலில் சாம்பல்தான் தெரிந்தது. பிறகு எங்கிருந்தோ பழப்பாகின் இனிப்பு மெல்லப் பரவி, பற்களின் வேர் வரை போய் உட்கார்ந்தது. சாமி இரண்டாவது குவளையை முடித்ததும் அவள் நாக்கில் வாதுமையும் உலர்ந்த திராட்சையும் வந்தன. மூன்றாவது நாக்கை இழுத்துப் பிடித்தது. மூன்றும் மூன்று தளமாக ஒன்றன்மேல் ஒன்று நின்றன. அவளுக்குக் கால் தள்ளாடவில்லை, தலை சுற்றவில்லை. சாமி மலையேறியதும் சரிந்து விழுந்த அய்யாவுவின் வாயை அவள் அத்தனை பேர் முன்னாலும் மோந்து பார்த்தாள். பழம் இல்லை, பாகு இல்லை. அவன் கண் திறந்து தண்ணீர் கேட்டு ஒரு செம்பு முழுக்கக் குடித்தான். பிறகு, வீட்டில் என்ன சோறு என்று கேட்டான்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் பரமேஸ்வரன் சனிக்கிழமை காலையில் வந்து அவள் வீட்டு அடுப்படி வாசலில் நிற்கிறார். அவள் மீன் கழுவிக்கொண்டே, போர்ட்டை இறக்கலாம் பாஸ், செவப்பு இன்னும் ஊறணும், விட்டு வைங்க என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறாள். சாமி வாய் பேசுவது குறைந்துவிட்டது, குடிப்பதோடு சரி. தாமானில் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை, பேச வேறு விஷயங்கள் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை வீடு திரும்பும்போது அய்யாவு மட்டும் மோட்டார் சைக்கிளைக் கிளப்புவதற்கு முன்னால் ஒன்று கேட்பான்.

“இன்னைக்கு எப்படி இருந்துச்சு?”

“மரக்கட்டயச் சப்புன மாதிரி.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாங்க.”

அவன் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்புகிறான். பழப்பாகும் திராட்சையும் கிராம்பும் நாக்கில் மெல்ல மலர்ந்துகொண்டிருக்க, காற்றில் வாசம் முன்னால் போய்விடாதபடி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, புஷ்பவல்லி அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறாள்.