செழியன் வீட்டுக் கிணறு

"எத்தன வருஷமா இந்த ஊர்ல குடியிருக்கீங்க?" என்று செழியன் தன் அம்மாவிடம் கேட்டான்.

"ஏலே கிறுக்குப் பயலே, நீ பொறந்ததே இந்த வீட்லதானடா" என்றாள் சோலையம்மாள்.

பக்கத்தில் உட்கார்ந்து உப்பு அளக்கும் மீட்டரைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்த மலர்விழி சிரித்துவிட்டாள். பல்கலைக்கழகத்தில் அவளும் செழியனும் படிக்கும் சுற்றுச்சூழல் துறையில் அப்படியொரு வழக்கம். வேதியியல் படித்துவிட்டு வந்த ஒருவரும் சமூகவியல் படித்துவிட்டு வந்த ஒருவரும் சேர்ந்துதான் ஆய்வுக்கு ஊருக்குள் போக வேண்டும். அவரவர் வேலையை மாற்றியும் செய்து பழக வேண்டும். அதனால் இன்று தண்ணீரை அளப்பது சமூகவியல்காரி மலர்விழி. கேள்வி கேட்பது வேதியியல்காரன் செழியன். இன்றைக்கென்று பார்த்து அவன் ஊரே வந்து வாய்த்தது.

காலையிலிருந்து அளந்த கிணறுகளிலெல்லாம் உப்பின் எண் ஆயிரங்களில் நின்றது. சோலையம்மாள் முன்கூட்டியே நிறைத்து வைத்திருந்த இந்தக் குடத்தில் மட்டும் அது நூறைத் தாண்டவில்லை.

"நான்தான் தப்பா அளக்குறேனா? உங்க வீட்டுக் கிணறு மட்டும் இளநீர் மாதிரி இருக்கு, செழியா."

செழியன் அம்மாவைப் பார்த்தான். அவள் முந்தானையைச் சரிசெய்தபடி வேறெங்கோ பார்த்தாள். சமையற்கட்டு மூலையில் டவுனில் நாகல் நகரிலிருந்து ஆட்டோவில் வந்த தண்ணீர்க் கேன் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. 'கூடப் படிக்கிற பொண்ணு வருது' என்று மட்டும்தான் அவன் போனில் சொல்லியிருந்தான். இரண்டு வருடமாக மலர்விழியிடமே சொல்லாத மிச்சத்தை அம்மா அவன் குரலிலேயே கேட்டிருக்கிறாள். இந்த ஊருக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது தண்ணீரைத்தான். அவன் பெரியப்பா மகனுக்கு நத்தத்தில் பேசி முடித்த சம்பந்தம் அதனாலேயே முறிந்தது.

பேசாமல் இருந்துவிடலாம். இனிப்பான கிணறு உள்ள வீட்டுப் பிள்ளையாக இருப்பது அந்த ஒரு கணம் அவனுக்குப் பிடித்துமிருந்தது.

"அது கேன் தண்ணி, மலரு. எங்க கிணறு இந்த ஊர்லயே மோசம். குளிச்சா தலையெல்லாம் சிக்குப் பிடிச்சுக்கும்."

"மானத்த வாங்குறியேடா" என்று முணுமுணுத்தாள் சோலையம்மாள்.

"ஏம்மா மாத்தி வச்சீங்க?"

"மொத மொத வீட்டுக்கு வார பொண்ணுகிட்ட அந்தத் தண்ணியவா காட்டுவாக?"

மலர்விழி செழியனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் காதுகள் சுட்டன. அவள் எழுந்து கொல்லைக்குப் போனாள். "வேணாம்மா, கை வலிக்கும்" என்று சோலையம்மாள் பின்னாலேயே ஓடினாள். அதற்குள் வாளி கிணற்றுக்குள் இறங்கிவிட்டிருந்தது.

பாதி கயிறு மேலே வந்ததும் மலர்விழி மூச்சு வாங்கி நின்றாள்.

"இதுல பருப்பு வேகுமாம்மா?"

ஆய்வுக்காகக் கேட்கிறாளா, வேறு எதற்காகவாவதா என்று செழியனுக்குத் தெரியவில்லை.

"செத்த நேரம் கூட ஆகும்த்தா" என்றபடி சோலையம்மாளும் கயிற்றைப் பற்றினாள். "ஆனா வெந்துரும்."

நான்கு கைகள் மாறி மாறி இழுக்க, வாளி தளும்பித் தளும்பி வெளிச்சத்துக்கு ஏறி வந்துகொண்டிருந்தது.