ஏழாம் குழியின் மணல்

ஆட்டப்பலகையில் ஏழாம் குழியருகே இருந்த மணல்பள்ளத்தில் தன் பந்து விழுந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, சுமைதூக்கியின் மனைவி வாரத்துக்குக் கால் கிலோ வீதம் மணலாக உதிர்ந்தாள். விடிந்ததும் படுக்கையை உதறினால் ஒரு கைப்பிடி விழும், சலித்தெடுத்ததுபோல வெள்ளை மணல். கிடங்கில் அவனுக்குத் தராசு என்று பெயர். எதைத் தூக்கினாலும் எடையைப் பிசகாமல் சொல்லிவிடுவான். அந்தக் கையால் வாராவாரம் அவளையும் தூக்கிப் பார்த்தான். ஐம்பத்து நான்கு கிலோ இருந்தவள் ஒரு வருடத்தில் நாற்பத்தொன்று ஆனாள்.

"இறக்குங்க, நான் என்ன சிமெண்ட் மூட்டையா?" என்பாள். "இப்படியே போனா பஸ்ஸுல எனக்கு அரை டிக்கெட் போதும்." அவள் சிரிக்கச் சிரிக்க அவன் இன்னொருமுறை தூக்கிப் பார்த்தான்.

யாரோ காலி செய்த வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய ஆட்டப்பெட்டி அது. உள்ளே பச்சை வண்ணமடித்த பலகை, பதினெட்டுக் குழிகள், தகரத்தில் இரண்டு ஆட்டக்காரர்கள், மிளகளவு பந்துகள், நடுவே சுண்டினால் சுற்றும் ஊசி. கோல்ஃப் மைதானத்தை வேலிக்கு வெளியே நின்றுகூடப் பார்த்திராத இருவரும் ஞாயிறுதோறும் ஆடினார்கள். மணலிலிருந்து பந்து எழும்ப ஊசி ஆறில் நிற்கவேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் அது மூன்றிலேயே நின்றது. ஆட்டமே வேண்டாமென்று மூடப் பார்த்தார்கள், பலகை மடங்கவில்லை. மருத்துவர் மணலை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுக் கொத்தனார் பூச்சுக்கு நல்ல மணலென்று கேட்டார். அவன் கொடுக்கவில்லை. பெண்டாட்டியை எவன் சுவரில் பூசுவான்? சாக்கில் கட்டிக் கட்டிலடியில் வைத்தான்.

ஒருநாள் சுமையேற்றி முடித்த லாரி உறுமியது, நகரவில்லை. ஓட்டுநர் தலையை நீட்டினார். "யோவ் தராசு, சக்கரத்துக்கு வச்ச கட்டையை எடுக்காம வண்டி எப்படிய்யா நகரும்?"

அவனுக்குச் சுரீரென்றது. கட்டையை உருவிப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான். வீட்டுத் தரை சாய்வு. ஆடத் தொடங்கிய அன்று பலகை சறுக்கியபோது, அசைவதைக் கண்டால் முட்டுக்கொடுக்கும் சுமைக்காரப் புத்தியில், அதனடியிலும் ஒரு கட்டை வைத்திருந்தான். அதை உருவினான். பலகை ஒரு விரற்கடை இறங்கியது.

"சுண்டு."

அவள் சுண்டினாள். ஊசி மூன்றைத் தாண்டியது, நான்கைத் தாண்டியது, ஐந்தில் தயங்கியது. அது ஆறுக்கு நகர்ந்தது. பந்து துள்ளிப் புல்லில் விழுந்தது.

மறுநாள் படுக்கையை உதறினான், ஒன்றும் விழவில்லை. அடுத்த ஞாயிறும் அவள் நாற்பத்தொன்றே இருந்தாள். போன பதின்மூன்று கிலோ கட்டிலடியிலேயே கிடந்தது.

இனி அவன் முறை. எட்டாம் குழிக்கு முன்னால் நீலத்தில் ஒரு குளம் வரைந்திருந்தது. அவள் துணிமணிகளைப் பரணில் ஏற்றி, வீட்டிலிருந்த வாளிகளையெல்லாம் வரிசையாக வைத்தாள்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"சரி, சட்டையக் கழட்டிட்டுச் சுண்டுங்க. நேத்துதான் துவைச்சேன்."