ராக்கெட் நாடகத்தின் கடைசி வாரம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கை போனவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. இரும்புக் கம்பி உருட்டும் ஆலைகள் வரிசைகட்டி நிற்கிற இடத்தில் விரல் போவதும் கை போவதும் செருப்பு அறுந்து போவதைப் போலத்தான். ஓர் ஆலையின் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கும் வரதனின் மொட்டைக் கையைப் பார்த்தவர்கள், மெஷின்தான் என்று தாங்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். அவனும் தலையாட்டி வைத்தான். உண்மையைச் சொன்னால் எவன் நம்புவான்? அவன் கையை வெட்டியது சொந்தப் பெரியப்பா மகன் தேசப்பன். அதுவும் ஒரு டிவி நாடகத்துக்காக.

ஊத்துக்கோட்டைப் பக்கம் அவர்கள் ஊர். அடுத்தடுத்த வீடு. டிவி தேசப்பன் வீட்டில், ஆண்டெனா வரதன் வீட்டு மாடியில். தேசப்பனுடையது ஓட்டு வீடு, அதன்மேல் கம்பம் நிற்காது. பங்காளிகள் ஒற்றுமையாக இருந்த காலத்தில் செய்துகொண்ட ஏற்பாடு அது. அப்புறம் ஏரிக்கால்வாய்த் தண்ணீரில் தகராறு வந்து பேச்சு நின்றது. கம்பம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. தேசப்பன் குடுமி வரதன் கையில் என்று ஊரே சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டில்லியிலிருந்து ஒரு ராக்கெட் நாடகம் வரும். இந்தி நாடகம். ஊரில் ஒருத்தருக்கும் இந்தி தெரியாது. பூமியிலிருந்து கிளம்பிப் போனவர்கள் வேறு ஏதோ கோளில் மாட்டிக்கொண்டு, அடிபட்டு, உதைபட்டு, வாரத்துக்கு ஒருத்தராகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது வரைக்கும் புரிந்தது. அது போதாதா? கடைசியில் எவன் மிஞ்சுவான் என்று பெரிய ஆம்பளைகளே பந்தயம் கட்டினார்கள்.

கடைசி வாரத்துக்கு முந்தின நாள் கால்வாய் மடையில் இரண்டு பேருக்கும் கைகலப்பு. தேசப்பன் மண்வெட்டிக் காம்பால் அடித்து வரதனின் உதட்டைக் கிழித்தான். ரத்தத்தைத் துப்பிவிட்டு, "நாளைக்கு உன் டிவில இன்னா தெரியுதுன்னு நானும் பாக்கறேன்டா!" என்று வரதன் கத்தினான். நுணலும் தன் வாயால் கெடும்.

மறுநாள் அவன் மாடிக்குப் போனது உண்மை. கம்பத்தைத் திருப்பத்தான் போனான். இடது கையால் பிடித்தும்விட்டான். கீழே தேசப்பன் வீட்டுக்குள்ளிருந்து ஊர்ப் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. பெரியவன் மேலிருக்கிற கோபத்துக்கு இதுகள் என்ன செய்யும் என்று தோன்றவும் மனசு இளகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, "அய்யோ, படம் போச்சே!" என்று கீழே அலறினார்கள். வரதனுக்கு ஒன்றும் புரியவில்லை. கம்பத்தை விடாமல் மேலே அண்ணாந்து பார்த்தான். படியேறி வந்த தேசப்பனை அவன் பார்க்கவில்லை.

தென்னை மட்டை சீவுகிற கத்தி. ஒரே வீச்சு. கை தரையில் விழுந்தது. அதன் விரல்கள் மடங்கி விரிந்ததை வரதன் தன் கண்ணாலேயே பார்த்தான். தேசப்பன் அதோடும் விடவில்லை. கத்தியைத் திருப்பிப் பிடித்து, "திருப்புவியா? இன்னொரு வாட்டி திருப்புவியா?" என்று கேட்டுக் கேட்டு விலாவில் அடித்தான்.

"நான் திருப்பலண்ணா... சத்தியமா திருப்பலண்ணா..."

முந்தின நாள் விட்ட வார்த்தை இருக்கிறது. கம்பத்தில் கையும் இருந்தது. அப்புறம் சத்தியமாவது சர்க்கரையாவது. ஊர்ப் பெரியவர்கள் கூடி, தப்பு வரதன் பேரில், வெட்டு தேசப்பன் பேரில், சரிக்குச் சரி, ஒருத்தரும் போலீசுக்குப் போகக்கூடாது என்று தீர்த்துவைத்தார்கள். பெற்ற அப்பனே, "உன்ன எவன்டா கம்பத்துல கை வெக்கச் சொன்னது?" என்று காறித் துப்பினார். கட்டு அவிழ்த்த கையோடு வரதன் ஊரைவிட்டுக் கிளம்பினான்.

அப்புறம் கட்டிக்கொண்ட செண்பகத்திடமும் இந்தக் கதையை எவளோ ஊதிவிட்டாள். சண்டை எங்கே ஆரம்பித்தாலும் அவள் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள். "கொயந்தைங்க பாக்கற படத்த கெடுத்த ஆளுதானே நீ!" வரதன் அவளை அடிப்பான். அடித்து என்ன ஆகப்போகிறது? வெட்டின வலி என்றைக்கோ ஆறிவிட்டது. செய்யாததைச் செய்தாய் என்றது ஆறவில்லை. தேசப்பன் தன் வாயால் ஒரே ஒரு தடவை 'நீ திருப்பல' என்று சொல்லிவிட்டால் போதும், கையைக்கூட மறந்துவிடலாம் என்றிருந்தான்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒருநாள், டூட்டி முடிந்து பஜார் வழியே வந்தவன் நியாஸின் விசிடி கடையில் அந்த ராக்கெட்டை அட்டைப் படத்தில் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். தமிழில் பேசவைத்து மொத்த நாடகத்தையும் விசிடியாகப் போட்டிருந்தார்கள்.

"ஓல்டு சீரியல்ண்ணா. எவனும் சீண்ட மாட்டேன்றான். செட்டா எத்துனு போ" என்றான் பழவேற்காட்டுக்காரனான நியாஸ்.

ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தோடு உட்கார்ந்து பார்த்தான். முதலில் சிரிப்புதான் வந்தது. அன்றைக்கு ஊரையே வாய்பிளக்க வைத்த ராக்கெட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், நூல்கூடத் தெரிந்தது. கடைசி டிஸ்க்கைப் போட்டதும் சிரிப்பு நின்றது. அந்த வாரத்தை அவன் பார்த்ததே இல்லை.

மிஞ்சின இரண்டு பேர் ராக்கெட்டில் ஏறினார்கள். "இனி பூமியோடு நமக்குத் தொடர்பு இருக்காது" என்று கேப்டன் சொன்னான். உடனே திரை முழுக்கப் புள்ளி. மீன் கழுவின இடத்தில் ஈ மொய்க்கிற மாதிரி. படம் இல்லை, ஸ்ஸ்ஸ் என்று இரைச்சல் மட்டும்.

"டிஸ்க்குல கீறல் கீது" என்று செண்பகம் எழுந்தாள்.

"தொடாதே!"

புள்ளி நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து இரைச்சலுக்குள்ளிருந்து கேப்டனின் குரல் வந்தது, பின்னாலேயே படமும் வந்தது. வரதன் ரிமோட்டை அழுத்திப் பின்னால் போனான். அதே இடத்தில் அதே புள்ளி. கீறலும் இல்லை, ஒன்றும் இல்லை. ராக்கெட்டுக்கு சிக்னல் போய்விட்டது என்று காட்ட நாடகக்காரர்களே வைத்த புள்ளி அது. கேப்டன் இந்தியில் சொன்னது ஊருக்கு எங்கே புரிந்தது? டிவியில் புள்ளி வந்தால் எவனோ ஆண்டெனாவைத் திருப்பிவிட்டான் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே அர்த்தம்.

"அப்போ நீ..." என்றவள் முடிக்காமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எத்தினி வாட்டிடி சொன்னேன்" என்று வரதன் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். செண்பகம் அவன் மொட்டைக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த டிஸ்க்கை எடுத்துக்கொண்டு அப்போதே ஊருக்கு பஸ் ஏறினான். கத்தி கபடா ஒன்றும் கொண்டுபோகவில்லை. கோபம்கூட இல்லை என்றுதான் சொல்லவேண்டும். தெரியாமல் வெட்டிவிட்டான், இதைப் பார்த்தால் இடிந்துபோவான், காலில் விழுந்தால் தூக்கிவிட வேண்டும் என்றெல்லாம் வழிநெடுக நினைத்துக்கொண்டு போனான், பைத்தியக்காரன்.

தேசப்பன் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தான். அவன் மனைவி மணியம்மாள் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு தபா இத்த பாருண்ணா. பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லு. நான் போய்க்கினே இருக்கேன்."

தேசப்பன் உறுமினான், ஆனால் தடுக்கவில்லை. வரதன் டிஸ்க்கைப் போட்டான். கேப்டன் பேசினான். புள்ளி வந்தது. வரதன் திரையைப் பார்க்கவில்லை, தேசப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இந்தப் புள்ளிதானே?" என்றாள் மணியம்மாள், வெகுளியாக. "கடைசி வாரத்த டிவில ரெண்டாம் தபா போட்டாங்களே, அப்பவும் இதே எடத்துலதான் வந்துச்சு. நீகூட ஆஸ்பத்திரில கெடந்தியேப்பா, அப்போ..."

தேசப்பன் எகிறிக் குதித்து வந்து அவள் வாயிலேயே அறைந்தான். முறம் பறந்தது. உதட்டு ரத்தம் அரிசியில் சொட்டியது.

"வாய மூட்ரி!"

வரதன் தேசப்பன் எதிரே வந்து நின்றான். "உனக்குத் தெரியும்" என்றான்.

"தெரியும். இப்போ இன்னாங்கறே?"

"அப்பவே ஏண்ணா சொல்லல?"

"சொன்னா கை மொளைக்குமா? ஊரு முடிச்சு உட்ட வெவகாரம். நீ பூட்டு வா, பேஜாரு பண்ணாதே."

தப்பாக நினைத்து வெட்டியவனை மன்னிக்கத்தான் வரதன் அத்தனை தூரம் வந்தான். எல்லாம் தெரிந்தும் இத்தனை வருஷம் சோறு தின்று தூங்கியவனை என்ன செய்வது? பங்காளி வீட்டில் கத்தி எங்கே செருகியிருக்கும் என்று பங்காளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டி, ஓட்டுக்கடியிலிருந்து உருவினான். தடுக்க நீண்ட கையிலேயே முதல் வெட்டு விழுந்தது. ஒற்றைக் கை வீச்சில் எலும்பு லேசில் விடவில்லை. தேசப்பன் சுவரோடு சரிந்து "வேணாம்டா வரதா" என்று கதறக் கதற, அது தனியாக விழுகிற வரைக்கும் வெட்டினான். மணியம்மாள் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது.

"டேய் வரதா, இன்னாடா பண்ண?" என்றார் முன்னால் வந்தவர்.

முகமெல்லாம் ரத்தத்தோடு வரதன் வாசலில் வந்து நின்றான். "கைய வெட்னது நான்தான். ஆனா அன்னிக்குக் கம்பத்த நான் திருப்பல. உள்ள டிஸ்க்கு ஓடுது, போய்ப் பாருங்க, நான் திருப்பல!"

முதலில் சொன்னதை எல்லாரும் அந்தக்கணமே நம்பினார்கள். அதற்கு அப்புறம் சொன்னதைக் காதில் வாங்க அங்கே ஒருத்தரும் நிற்கவில்லை. தேசப்பனைத் தூக்க உள்ளே ஓடினார்கள்.