மூன்று வினாடிச் சத்தம்

கார் லேசுப்பட்ட ஜந்து இல்லை. வீட்டில் காய்ச்சலில் அனத்திய குழந்தை டாக்டரைப் பார்த்ததும் எழுந்து விளையாடுமே, அதே குணம் அதற்கும் உண்டு. வீட்டு வாசலில் கடகடவென்று உயிரை வாங்கும். ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்ததும் பரம சாதுவாகிவிடும். "சத்தியமாச் சொல்றேன், காலையில கேட்டுச்சு" என்று வண்டிக்குச் சொந்தக்காரர்தான் அசடு வழிய நிற்க வேண்டும்.

அன்றைக்கு அப்படி நின்றவர் நர்ஸம்மா. படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. காலை ஐந்தரைக்கு வண்டி கிளம்பினால்தான் முதல் ஊசியை ஆறு மணிக்குப் போட முடியும்.

"காலையில முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும்தாண்ணே. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்றதுக்குள்ள நின்னுடுது. அப்புறம் நாள் பூரா கேக்கறதே இல்ல."

"என்ன மாதிரி சத்தம் சிஸ்டர்?"

நர்ஸம்மா சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு வாயாலேயே செய்து காட்டினார். "கிலுகிலுகிலுன்னு... இல்லண்ணே, கொஞ்சம் கரகரன்னு... போங்க, எனக்கு வெக்கமா இருக்கு."

கேட்டுக்கொண்டிருந்த மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு நாளாக இருந்தால், அதாவது இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்றால், வந்திருக்கும். அந்த வட்டாரத்தில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, தெருவில் போகிற வண்டிக்கு எந்தச் சக்கரத்தில் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒருமுறை ஒருத்தர் இவரோடு போனில் பேசிக்கொண்டே காரை ஓட்ட, "முதல்ல வண்டிய ஓரங்கட்டு, உன் பெல்ட் அறுந்துக்கிட்டு இருக்கு" என்று போனிலேயே சொன்னவர். மெஷின் வைத்துச் சோதிக்கிற பெரிய பெரிய ஒர்க்‌ஷாப்காரர்களே, புரியாத சத்தம் என்றால் இவரிடம் அனுப்புவார்கள்.

அந்தக் காதுதான் மக்கர் செய்ய ஆரம்பித்திருந்தது. முதலில் குக்கர் விசில் போயிற்று. பிறகு காரின் இண்டிகேட்டர் போடும் டிக்டிக். கனத்த சத்தம் எல்லாம் பழையபடி கேட்டது. ஆட்கள் நேருக்கு நேர் பேசினால் கேட்டது. மெல்லிசான சத்தங்கள் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் நடையைக் கட்டிவிட்டன. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் என்ன ஆகும்? காதுக்காரர் என்ற பெயரைக் கழித்துவிட்டால், அவர் கை முழுக்க அழுக்கோடு நிற்கிற ஐம்பத்தெட்டு வயசு ஆசாமி. அவ்வளவுதான். 

"வண்டிய விட்டுட்டுப் போங்க சிஸ்டர். ராத்திரி பூரா ஆறட்டும். காலையில வாங்க, ரெண்டு பேருமாச் சேர்ந்து கேப்போம்" என்றார்.

மறுநாள் காலையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து நின்றார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் அழுத்திக்கொண்டார். தொழிலில் எல்லாரும் செய்கிற வித்தைதான். நர்ஸம்மா சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பியது. தும் தும் என்று கனத்த சத்தம் எலும்பு வழியாக மண்டைக்குள் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

"இதோ! இதோ! கேட்டீங்களா?" என்று நர்ஸம்மா கத்தினார். "நின்னுடுச்சு பாருங்க. கேட்டீங்கல்ல?"

"கேட்டேன், கேட்டேன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அதை விழுங்க முடியுமா? என்ன சத்தம், எங்கிருந்து என்று அடுத்த கேள்வி வந்து நின்றது. புகை போகிற குழாய்க்கு மேலே, சூடு தாக்காமல் ஒரு தகர மூடி இருக்கும். கையால் ஆட்டிப் பார்த்தார். லேசாக ஆடியது. பத்து வண்டியில் எட்டு வண்டிக்கு ஆடும். "தகடு லூசா இருக்கு. குளிர்ல சுருங்கி ஆடுது, சூடானதும் விரிஞ்சு இறுகிடுது" என்று பூசி மெழுகினார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு போல்ட்டை இறுக்கி அனுப்பிவைத்தார். அன்று முழுக்க அவருக்குத் தன் மூஞ்சியையே பார்க்கப் பிடிக்கவில்லை.

நான்காம் நாள் நர்ஸம்மா திரும்பி வந்தார். சத்தமும் கூடவே வந்திருந்தது.

"இப்ப நாலு வரைக்கும் எண்ண முடியுதுண்ணே. வழியில நின்னுடாதே?"

"நிக்காது" என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. தகடு இல்லையென்றால் அடுத்த சந்தேகம் டைமிங் செயின். இன்ஜினின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் சேர்த்துக் கட்டி, ஒரே தாளத்தில் ஓட வைக்கிற சங்கிலி. அது தளர்ந்து ஒரு பல் தாண்டிவிட்டால், ஓடுகிற ஓட்டத்தில் இன்ஜினே நொறுங்கும். தகடா, செயினா? ஒன்று சும்மா தொல்லை, மற்றது ஆபத்து. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வினாடி மட்டும் உயிரோடு இருக்கிற சத்தம் ஒன்றுதான் சாட்சி. தவறவிட்டால் இன்ஜின் மறுபடி ஆறுகிற வரைக்கும் காத்துக் கிடக்க வேண்டும். அந்தச் சாட்சி பேசுவது இவர் காதில் விழாது.

மறுபடியும் வண்டியை நிறுத்திவைத்தார். மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கும்போதே உண்மையைச் சொல்லிவிட முடிவு செய்திருந்தார் என்றுதான் அவர் பிற்பாடு சொல்லிக்கொள்வார். அதெல்லாம் சும்மா. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கால்மணி நேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஒர்க்‌ஷாப்பின் முன்பகுதியில், சுவரைப் பார்த்தபடி போட்ட தையல் மெஷினில் அவர் மனைவி சீட் கவர் தைப்பாள். கார் சீட், வேன் சீட் எல்லாம் அவள் கைவேலை. அன்றும் சீக்கிரமே வந்து நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தாம்மா, கொஞ்சம் இங்க வா."

"என்ன, சோப்பு வேணுமா?"

"இல்ல. ஒரு சத்தம் கேக்கணும்."

"கேளுங்களேன். நான்தான் இன்னும் மெஷினை மிதிக்கலையே."

"நான் இல்ல. நீ கேக்கணும்."

அவள் சிரித்தேவிட்டாள். "காலங்காத்தால கேலியா? காதுக்காரருக்கு எதுக்கு இரவல் காது?"

 முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம் நாலு வார்த்தை சொல்ல இப்படி வியர்க்கும் என்று அவர் நினைத்ததில்லை. "எனக்குக் கேக்கலம்மா."

"எது கேக்கல?"

"மெல்லிசான சத்தம் எதுவும் கேக்கல. ரெண்டு வருஷமா."

திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். என்னவோ கணக்குப் போடுகிற மாதிரி உதடு அசைந்தது. பிறகு கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"எதைப் பிடிக்கணும், சொல்லுங்க."

முடியை இறுக்கிக் கட்டிக்கொள்ளச் சொன்னார். ஓடுகிற பெல்ட் பக்கம் கை போகக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். ஸ்க்ரூ டிரைவரின் முனையைச் செயின் மூடிமேல் ஊன்றிக் கொடுத்து, கைப்பிடியை அவள் காதோரம் வைத்தார். "சத்தம் இங்கதான்னா காதுக்குள்ளயே கேக்கும். வேற எங்கயாவதுன்னா தூரமாக் கேக்கும். ஒரே ஒரு வாய்ப்புதான். பயந்து கைய எடுத்துடாத."

"மரப்பொம்மை மாதிரி நிக்கறேன், நீங்க சாவியத் திருப்புங்க."

திருப்பினார். அவள் தோள் தூக்கிப் போட்டது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள், கையை மட்டும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது.

"ஐயையோ, என்னங்க இது! காதுக்குள்ளயே சைக்கிள் செயின் தொங்கி ஆடுற மாதிரி இருந்துச்சு."

"தகரம் ஆடுற மாதிரி இல்லையா?"

"தகரம்னா அடிச்சதும் அதிரும்ல? இது அதிரல. பல்லு பல்லா விழுது. என் மெஷின்ல பாபின் லூசானா இப்படித்தான் விழும்."

"எவ்வளவு நேரம்?"

"இந்தத் தடிமன் துணியில ஆறு தையல் போடற நேரம். அப்புறம் யாரோ இழுத்துப் பிடிச்ச மாதிரி சட்டுனு நின்னுடுச்சு."

காதுக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இருபது வருஷமாக அந்த மூலையில் உட்கார்ந்து, வருகிற வண்டிகளின் சத்தத்தை எல்லாம் இவள் காசு வாங்காமல் கேட்டுத் தள்ளியிருக்கிறாள். இவருக்குத்தான் அது தோன்றவே இல்லை.

இழுத்துப் பிடித்த மாதிரி என்றாளே, அதுதான் விஷயம். அந்தச் செயினை இறுக்கிப் பிடிப்பது ஆயிலின் அழுத்தம். ஆயில் வந்து சேர நேரமானால் அதுவரைக்கும் செயின் தொங்கும். ஏன் நேரமாகிறது? மேலே நிற்க வேண்டிய ஆயில் ராத்திரி முழுக்கக் கீழே இறங்கிவிடுகிறது. அதை இறங்க விடாமல் பிடித்துவைக்க ஆயில் ஃபில்டருக்குள்ளேயே ஒரு ரப்பர் தடுப்பு உண்டு. இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டுப் படுத்துக்கொண்டு ஃபில்டரைக் கழற்றினார். ஓட்டைக்குள் விரலை விட்டார். வெறும் தகரம்தான் தட்டுப்பட்டது. ரப்பர் இல்லை.

அந்த மாடலுக்கு இந்த ஃபில்டரே கிடையாது. மரை பொருந்தும், அளவு பொருந்தும், டப்பாவின் நிறம்கூட ஒன்றுதான். அலமாரியிலிருந்து அசதியில் யாரோ மாற்றி எடுத்து மாட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ? போன மாசம் இந்த வண்டிக்குச் சர்வீஸ் செய்தவர் சாட்சாத் காதுக்காரர்தான். தன் கை பட்ட வண்டியை மறுநாள் காலை ஒருதரம் கேட்காமல் அவர் வெளியே விடுவதில்லை. அன்றைக்கும் கேட்டார். கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருக்கிறது என்று திருப்தியாக அனுப்பிவைத்தார்.

அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. வண்டிக்கு அடியிலேயே மல்லாந்து கிடந்தார். ஃபில்டரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? செயின் மூடியைத் துடைத்துவிட்டு "சரியாயிடுச்சு சிஸ்டர்" என்றால் அந்தம்மா கும்பிடு போட்டுவிட்டுப் போவார். பெயரும் தப்பும். நினைக்க ருசியாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் இரண்டு கால்கள் போகாமல் நின்றுகொண்டிருந்தன. அவளுக்குத் தெரிந்துவிட்டதே, இனி எதற்கு மறைப்பது என்று அலுப்பாக இருந்தது. கூடவே கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

எட்டு மணிக்கு நர்ஸம்மா ஆட்டோவில் வந்து இறங்கியதும் பழைய ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். "நான் மாத்தி மாட்டிட்டேன் சிஸ்டர். தப்பு என்னோடதுதான்."

"சரிண்ணே, மனுஷன்தானே. ஆனா அன்னிக்கு 'கேட்டேன், தகடு'ன்னு சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன். எனக்குக் கேக்கவே இல்ல. காது போயிட்டு இருக்கு."

நர்ஸம்மா உடனே உருகிவிடவில்லை. பொரிந்து தள்ளிவிட்டார். "அப்ப நாலு நாளா நான் எந்த நம்பிக்கையில ஓட்டினேன்? வண்டி வழியில நின்னிருந்தா என் நோயாளிக்கு யாருண்ணே ஊசி போட்டிருப்பா? தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். ஒவ்வொரு வார்த்தையும் நன்றாகவே கேட்டது.

"திங்கக்கிழமை காது டாக்டர்கிட்ட வரீங்க. வரலேன்னா ஊர் பூரா சொல்லிடுவேன்."

"சொல்லுங்க சிஸ்டர். நானே சொல்லத்தான் போறேன்."

புது ஃபில்டர், புது ஆயில் போட்டு வண்டி இன்னொரு ராத்திரி ஆறியது. காலையில் மனைவி மறுபடியும் கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டாள். "ஒண்ணுமே இல்லங்க" என்றாள். அந்த ஒரு சொல்லை நம்பி வண்டியைக் கொடுத்தனுப்பினார். தன் காதால் கேட்காத வண்டியை அவர் வெளியே விட்டது அதுதான் முதல் தடவை, அதாவது தெரிந்தே விட்டது.

நர்ஸம்மா போன பிறகும் மனைவி மெஷினுக்குப் போகாமல் நின்றாள்.

"ரெண்டு வருஷம்னீங்களே."

"ஆமா."

"நான் மெஷினை மிதிச்சுக்கிட்டே பேசுவேனே, அதெல்லாம்?"

"அரையும் குறையுமாத்தான் விழும். சுவரைப் பாத்துப் பேசறியா, வாயும் தெரியாது. 'ம்'னு வச்சிடுவேன்."

"என் பேச்சு உங்களுக்குச் சலிச்சுப்போச்சுன்னு நினைச்சேன்" என்றாள். "அதான் கொறச்சுக்கிட்டேன்."

"நீ பேசறதில்லன்னதும், என்மேல என்னவோ கோபம்னு நானும் இருந்துட்டேன்."

நல்ல கூத்து என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"போன வருஷம் மார்ல ஒரு கட்டி தட்டுப்பட்டுச்சு. பயந்துபோய் உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன். நீங்க 'ம்'னீங்க. அப்புறம் போய் பானெட்டைத் திறந்துட்டீங்க." கீழே பார்த்துக்கொண்டு பேசினாள், பிறகு நினைவு வந்தவளாக முகத்தை நிமிர்த்தினாள். "நானே தனியாப் போய்க் காட்டிட்டு வந்தேன். பதினோரு நாள் கழிச்சுத்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க."

அவர் ஸ்டூலை இழுத்து, அவளை உட்காரவைத்து, எதிரில் டூல்பெட்டிமேல் உட்கார்ந்தார். முழங்கால் இடிக்கிற தூரம்.

"முதல்லேருந்து சொல்லு."

"இப்ப எதுக்கு? அது முடிஞ்சுபோன கதை."

"உனக்கு முடிஞ்சிடுச்சு. எனக்கு இப்பத்தானே தெரியுது. சொல்லும்மா."

அவள் அன்றைக்குக் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது கையில் பட்டதிலிருந்து ஆரம்பித்தாள். வாசலில் யாரோ வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, காதுக்காரரே என்று கூப்பிட்டு, ஹார்ன் அடித்தார்கள். அது அவருக்கு நன்றாகவே கேட்டது. எழுந்திருக்கவில்லை.