முன் தேதியிட்ட சம்மதம்

நேற்றுவரை மாஜி என்று கேலி செய்தவன் இன்று மேடம் என்கிறான். ஐந்து வருடமாகத் தேர்தலே இல்லை, வார்டை அரசு அதிகாரிதான் ஆள்கிறார். முன்னாள் கவுன்சிலரான என்னிடம் இவனுக்கு என்ன வேலை என்று யோசித்தாள் சொர்ணம்.

எம்எல்ஏவின் உதவியாளன் முனிராஜ், அவளிடம் ஒரு காகிதத்தை நீட்டினான். வார்டுப் பூங்காவை வாகன நிறுத்தமாக்க கவுன்சிலரின் சம்மதம். தேதி மட்டும் அவள் பதவியில் இருந்த கடைசி மாதத்தில் இருந்தது.

"சும்மா ஒரு சைன் மேடம். அப்போ நீங்கதானே கவுன்சிலரு."

"இப்போ யாருப்பா?"

"யாரும் இல்லயே. அதான் உங்ககிட்ட வந்தேன்."

அவளுக்குள் கொதித்தது. கவுன்சிலையே இல்லாமல் செய்தவர்களுக்குக் கவுன்சிலரின் கையெழுத்து மட்டும் வேண்டுமாம்.

"எலெக்‌ஷன் வைக்கச் சொல்லு. ஜெயிச்சு வர்றவங்ககிட்ட கேளு" என்று காகிதத்தை அவன் பக்கமே நகர்த்தினாள்.