செக்ரட்டரி நடை

வாரநாட்களில் அவள் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவாள். சனி, ஞாயிறுகளில் சினிமா எடுப்பாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒன்பது படம். ஒன்பதும் ஒரே கதையின் பாகங்கள். பெயர் 'லிஃப்ட் ரிப்பேர்'.

ஒரு ஆறு மாடிக் குடியிருப்பு, அதில் ஓடாத ஒரு லிஃப்ட். குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி பாகத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்து அதை ஓடவைக்கப் பார்ப்பார். கடைசியில் ஓடிக்கொண்டிருந்த வேறொன்றும் நின்றுபோகும். ஒவ்வொரு படமும் முக்கால் மணி நேரம். எடுத்ததெல்லாம் அவளுடைய அக்கா குடியிருந்த கட்டடத்தில். செக்ரட்டரியாக நடித்தது அக்காவின் கணவர். அவருக்கு மருந்துக்கடையில் வேலை; அவளுக்கு அவர் அத்தான்.

படங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டுவிடுவாள். முதல் இரண்டு பாகத்தைச் சொந்தக்காரர்களும் கடைக்கு வருகிறவர்களும் பார்த்தார்கள். நாலாம் பாகத்துக்குப் பிறகு எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் சேர்ந்தார்கள். ஒன்பது படத்திலும் லிஃப்ட் கதவு மொத்தம் பதினாலு தடவை திறந்திருக்கிறது என்று ஒருவர் எண்ணிச் சொன்னார். பதினைந்து என்றார் இன்னொருவர். பாதி திறந்தது கணக்கில் வருமா என்று ஒரு மாசம் மல்லுக்கட்டினார்கள். 'நாலாம்பாகம்' என்ற பேரில் ஒருவர் எழுதுவார். நாலாம் பாகத்தோடு இந்தத் தொடர் செத்துவிட்டது என்பது அவர் கட்சி. ஆனால் எந்தப் பாகம் வந்தாலும் முதலில் பார்ப்பது அவர்தான். அத்தான் அவர் எழுதுவதை ஒன்று விடாமல் படிப்பார்.

ஏழாம் பாகம் வந்தபோது எல்லாரையும் பிடித்துக்கொண்டது செக்ரட்டரியின் நடை. இடது கை உடம்போடு ஒட்டியிருக்கும், வலது கை மட்டும் வீசும். காலடி சின்னச் சின்னதாக விழும். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டார். பீரோவை நகர்த்துகிற மாதிரி ஆளே மொத்தமாகத் திரும்புவார். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. ரசிகர்கள் ஆபீஸ் வராந்தாவிலும் பள்ளி ஆண்டுவிழா மேடையிலும் அதேபோல் நடந்து படம்பிடித்துப் போட்டார்கள். ஒரு சினிமாப் பத்திரிகைக்காரர் அவளுக்கு போன் செய்து, "அந்த நடையை எப்படிப் பிடிச்சீங்க?" என்று கேட்டார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "ரெண்டு மாசம் ஒத்திகை பார்த்தோம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். ஒத்திகை எதுவும் நடக்கவில்லை. அத்தான் ஒருநாள் அப்படி நடந்தார், அவள் சிரித்தாள், அதுவே நிலைத்துவிட்டது.

பத்தாம் பாகம் பாதி எடுத்திருந்த சமயம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கடையின் பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டே போனைத் திறந்தாள். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது.

"வணக்கம். நான் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். உங்கள் ஒன்பது படங்களையும் மூன்று தடவைக்குக் குறையாமல் பார்த்தவள். இதைப் பொதுவில் எழுத மனசு வரவில்லை, அதனால் தனியாக எழுதுகிறேன். ஐந்தாம் பாகத்தில், பன்னிரண்டாவது நிமிஷம், செக்ரட்டரி இரண்டு கையையும் வீசி நடக்கிறார். ஆறாம் பாகத்தில் இடது கை கொஞ்சம் குறைகிறது. ஏழில் நின்றுவிட்டது. அவர் அறிவிப்புப் பலகையில் எழுதுகிற எழுத்தும் பாகத்துக்குப் பாகம் சிறுத்துக்கொண்டே வருகிறது. இது நடிப்பு என்றால் அவர் காலில் விழத் தயார். நடிப்பு இல்லை என்றால் தயவுசெய்து ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். நான் நினைப்பது தப்பாக இருந்தால் திட்டி ஒரு வரி எழுதுங்கள், சந்தோஷமாகப் படிப்பேன்."

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. படம் பார்க்கிற லட்சணமா இது என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். ஆனால் அன்று சாயங்காலம் வரைக்கும் எந்த ஃப்ரேமும் ஒழுங்காக உட்காரவில்லை.

ஞாயிறு மதியம் வீட்டில் பழைய பதிவுகளை எல்லாம் எடுத்துப் போட்டாள். படத்தில் வந்த காட்சிகளை விட்டுவிட்டு, அவள் 'கட்' சொன்ன பிறகும் கேமரா ஓடிக்கொண்டிருந்த துண்டுகளை மட்டும் தேடினாள். அத்தான் டீ குடிக்கப் போகிறார். மேல்மாடிக்காரரோடு பேசிக்கொண்டே படியிறங்குகிறார். மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறார். எந்தத் துண்டிலும் அவர் நடிக்கவில்லை, எதிலும் இடது கை அசையவில்லை. ஒரு துண்டில் கேமராவுக்குப் பின்னாலிருந்து அவளுடைய சிரிப்புச் சத்தம் கேட்டது. அதை அவளால் இரண்டாம் தடவை கேட்க முடியவில்லை.

எழுந்து அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் மருந்துக்கடையில் இருந்தார். அக்கா துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"சட்டைப் பொத்தான் போட கால் மணி நேரம் ஆகுதுடி அவருக்கு" என்றாள் அக்கா. "சோம்பேறின்னு திட்டிட்டே இருந்தேன். ராத்திரி புரண்டு படுக்க மாட்டேங்கறாரு, கட்டை மாதிரி கிடக்கறாரு. நான் என்னடான்னா குறட்டை வந்தா தள்ளிவிட்டுட்டு இருக்கேன்." கையிலிருந்த துண்டை மடித்ததையே மறுபடி மடித்தாள். "நீயும் உன் சினிமாவும். ஊரே பாத்துச் சிரிச்சுதேடி."

"நான் வேணும்னு பண்ணலக்கா."

"எனக்கு மட்டும் தெரியாதா? யாரையாவது திட்டணும் இப்ப. நீதான் பக்கத்துல இருக்கே."

மறுநாள் அவள் மருந்துக்கடைக்குப் போனாள். கல்லாவுக்கு முன்னால் ஒரு பெண் மாத்திரைக் கவரைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, "இது என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்றார் அத்தான். கவரில் அந்த எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

அந்தப் பெண் போனதும் அவள் போனை நீட்டினாள். அத்தான் நின்றபடியே படித்தார். முதல் வரியிலிருந்து மறுபடி ஒரு தடவை படித்தார்.

"யாரும்மா இந்தப் பொண்ணு?"

"தெரியாது அத்தான். ரசிகை."

"நம்ம படத்தை இவ்வளவு உத்துப் பாத்தவங்க வேற யாரும் இல்ல" என்றார். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நான் வேணும்னே அப்படி நடக்கறேன்னா நினைச்சே?"

"ஆமா அத்தான். நீங்க என்ன நினைச்சீங்க?"

"கையை வீசணும்னு நினைப்பேன், அது வராது. வயசாகுதுன்னு விட்டுட்டேன். நீ வேற விழுந்து விழுந்து சிரிச்சியா, சரி, நல்லாத்தான் இருக்கு போலன்னு நானும் கண்டுக்கல." அவருக்கு ஐம்பத்து நாலு வயசு. நாள் முழுக்க மற்றவர்களுடைய சீட்டைப் படித்து மருந்து கொடுக்கிறவர்.

நரம்பு டாக்டர் அவரை வராந்தாவில் நடக்கச் சொன்னார். விரலையும் கட்டைவிரலையும் தட்டச் சொன்னார். ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். நடுக்குவாதம், ஆரம்ப கட்டம் என்றார்.

"எனக்கு நடுக்கமே இல்லையே டாக்டர்?"

"எல்லாருக்கும் நடுக்கம் வராது. சிலருக்கு இறுக்கம்தான் முதல்ல வரும். முழுசா குணமாக்க முடியாது, ஆனா நல்லா சமாளிக்கலாம். சீக்கிரமா வந்திருக்கீங்க."

சீட்டை வாங்கிப் பார்த்த அத்தான், "நம்ம கடையில மூணாவது அலமாரி, ரெண்டாவது தட்டு" என்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தங்கைக்குத் தெரியவில்லை.

இரண்டு மாசத்தில் மாத்திரை வேலை செய்தது. இடது கை முழுசாக இல்லாவிட்டாலும் வீசத் தொடங்கியது. முகம் இளகியது. அக்கா ஒருநாள், "இவர் புருவத்தைத் தூக்குவாருங்கறதே மறந்துபோச்சு" என்றாள். பத்தாம் பாகத்துக்குத்தான் சிக்கல். எடுத்த பாதியில் பழைய நடை, எடுக்கப்போகிற பாதியில் வேறு நடை. அந்த நடை ஒரு நொடிகூடப் படத்தில் வரக் கூடாது என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். நாலு வாரம் எடுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எடுத்தார்கள். அதில் மாடிப்படித் திருப்பத்தில் செக்ரட்டரி ஒரு சோபாவோடு மாட்டிக்கொள்கிற காட்சி ஒன்று இருந்தது. அவள் இதுவரை எடுத்ததிலேயே நல்ல காட்சி. மறுபடி எடுத்தபோது அது அந்த அளவுக்கு வரவில்லை.

"ரசிகர்கள்கிட்ட சொல்லிடலாமா அத்தான்?"

"வேண்டவே வேண்டாம். பாவம்னு நினைச்சுட்டா ஒருத்தனும் சிரிக்க மாட்டான்."

இரண்டு நிமிஷ முன்னோட்டம் வெளியான அன்றே ஆரம்பித்துவிட்டார்கள். 'நடை எங்கே?' 'செக்ரட்டரிக்கு டூப்பா?' 'இதுக்கா ஒண்ணரை வருஷம் காத்திருந்தோம்?' நாலாம்பாகம் விரிவாகவே எழுதியிருந்தார்: "டைரக்டருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஜனங்களுக்குப் பிடித்ததைப் பிடுங்கிவிட்டால் அது கலை என்று நினைப்பு." அவள் பதில் எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள். கடைசியில் எதையும் அனுப்பவில்லை. கடையில் ஒருவருக்குப் படிக்கிற கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவரும், "ஏம்மா, அந்த நடையை ஏன் எடுத்துட்டீங்க?" என்று கேட்டார். "மாத்திப் பாக்கலாம்னுதாங்க" என்று சொல்லிவிட்டு மூக்குத் தாங்கியைச் சரிசெய்தாள்.

பத்தாம் பாகத்தின் முதல் திரையிடல் ஒரு நூலகத்தின் கூடத்தில், சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு. தொண்ணூறு நாற்காலியும் நிறைந்து சிலர் சுவரோரம் நின்றார்கள். முதல் இருபது நிமிஷம் சிரிப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. பிறகு செக்ரட்டரி புகார்ப் புத்தகத்தோடு லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு, தன்மேல் வந்த புகார்களை ஒவ்வொன்றாகப் படிக்கிற காட்சி. அத்தானின் புருவம் ஒரு வரிக்கு ஒரு பக்கம் போனது. கூடம் கலகலத்தது. அவளுக்கு மூச்சு வந்தது.

படம் முடிந்து பேசுகிற நேரம். ஒரு வங்கி ஊழியர் கை தூக்கினார். நாற்பது வயசிருக்கும். "கேள்வி இல்லைங்க. செக்ரட்டரிக்கு ஒரு மரியாதை பண்ணணும்" என்று மேடையேறி அந்த நடையை நடந்து காட்டினார். ஒட்டிய கை, சின்னக் காலடி, பீரோ மாதிரி திரும்பல், எல்லாம் அச்சு அசல். அன்றைக்கு அந்தக் கூடத்தில் எழுந்த சிரிப்பிலேயே பெரிய சிரிப்பு அதுதான். இரண்டாம் வரிசையில் அக்கா எழுந்துவிட்டாள். அவள் அக்காவை உட்காரச் சொல்லிக் கைகாட்டுவதற்குள் அத்தான் மைக்கை எடுத்துவிட்டார்.

"நல்லா பண்றீங்க சார். ஆனா இடது கால் விரல் தரையில லேசா உரசணும். அது இல்லேன்னா பாதிதான்."

சிரித்தார்கள்.

"எனக்கே தெரியாது. டாக்டர்தான் சொன்னாரு."

அதற்கும் சிரித்தார்கள். அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, நோயின் பேரைச் சொன்னார். எப்போது தொடங்கியது, யார் கண்டுபிடித்தது, மாத்திரையில் என்ன மாறியது என்று கடையில் மருந்தை விளக்குகிற அதே குரலில் நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். வங்கி ஊழியர் தன் இடது கையை என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"நீங்க ஏன் சார் ஒளிக்கிறீங்க? உங்க கைக்கு ஒண்ணும் இல்லையே, தாராளமா வீசிட்டுப் போங்க" என்றார் அத்தான்.

யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்தார். பிறகு எல்லாரும். வங்கி ஊழியரும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அவள் மைக்கை வாங்கினாள். "ஒத்திகை பார்த்தோம்னு பத்திரிகையில சொன்னேன். அது பொய். பக்கத்துல இருந்த எனக்குத் தெரியல, எங்கேயோ இருந்து பார்த்த ஒருத்தங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. மன்னிச்சிடுங்க" என்றாள். யாரிடம் கேட்கிறாள் என்று அவளுக்கே தெளிவாக இல்லை. அத்தான் அவள் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு, "அடுத்த கேள்வி" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா கேட்டாள்: "சொல்லவே வேண்டாம்னு நீங்கதானே குதிச்சீங்க?"

"அத்தனை பேரு சிரிக்கறாங்க. அதைவிட நல்ல சமயம் எனக்கு எப்பக் கிடைக்கும்?"

அடுத்த வாரம் முழுக்க எழுதினார்கள். நடந்து காட்டிய படங்களைப் பலர் அழித்தார்கள். அழிக்காதீர்கள், நன்றாக நடந்தவர்கள் இருக்கிறார்கள் என்று அத்தான் சொல்லச் சொன்னார்; அவள் எழுதிப் போட்டாள். சிலர் தெய்வமே, தியாகியே என்று ஆரம்பித்தார்கள். அவற்றை அத்தான் பாதியிலேயே தள்ளிவிட்டார். மூன்று பேர், தங்கள் வீட்டு ஆளின் கை நினைவுக்கு வந்து டாக்டரிடம் கூட்டிப்போனதாக எழுதியிருந்தார்கள். அதை மட்டும் அக்கா சத்தம் போட்டுப் படிக்கச் சொன்னாள். நாலாம்பாகம் நாலு நாள் கழித்து வந்தார்: "தலைக்கனம் என்று எழுதியதற்கு வருந்துகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் பத்தாம் பாகம் சுமார்தான்."

"இவன்தான்யா மனுஷன்" என்று அத்தான் தொடையில் தட்டிச் சிரித்தார். "சுமார்தானே, நீயே சொல்லு?"

"சுமார்தான் அத்தான்" என்றாள் அவள். சோபாக் காட்சி அவளுக்கு இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

பிசியோதெரபிஸ்ட் அன்று பணியில் இருந்ததால் கூடத்துக்கு வரவில்லை. செய்தி கேள்விப்பட்டு, தினமும் செய்ய வேண்டிய பயிற்சிகளைப் படம் வரைந்து அனுப்பினாள். கூடவே ஒரு வேண்டுகோள்: பதினோராம் பாகத்தில், படங்களில் அவ்வப்போது தலைகாட்டும் மூணாவது மாடிப் பாட்டு வாத்தியாருக்கு இன்னும் நாலு வசனம் கொடுக்க வேண்டும்.

பதினோராம் பாகத்துக்கு உட்கார்ந்தபோது அத்தானே நேரம் சொன்னார். "மாத்திரை போட்டு, பத்துலேருந்து பன்னெண்டரை வரைக்கும் கை சொன்னபடி கேக்கும். சாயங்காலம் பழைய நடை எட்டிப் பாக்கும். அதுவும் வேணும்னா எடு."

"அது மட்டும் வேண்டாம்" என்றாள் அக்கா.

"என் காலு. நானே தெரிஞ்சு நடக்கறேன். அப்புறம் என்ன?"

அக்கா, "சாயங்காலம்னா நான் பக்கத்துல இருப்பேன். களைச்சுப்போனா உடனே நிறுத்திடணும்" என்றாள்.

முதல் ஞாயிறு பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். பாட்டு வாத்தியார் புது வசனத்தை நாலு தடவை மறந்தார். பன்னிரண்டே காலுக்குள் ஐந்து ஷாட் முடிந்தது. அத்தான் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அடுத்த மாத்திரைக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

"இன்னொண்ணு எடுத்துடலாம்" என்றார்.

அவள் கேமராவை அடுத்த மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.