தவறி விழுந்தவர்கள்

கணினித் திரையில் முகிலன் சிரித்துக்கொண்டிருந்தான். அவனைவிட இரண்டு பங்கு பெரிதாக, கைகூப்பியபடி, அவனுடைய முதலாளி ஆதிமூலம் நின்றார். செத்தவர் யார், அஞ்சலி செலுத்துகிறவர் யார் என்று தெரியாதவர்கள் மாற்றிக்கூட நினைத்துக்கொள்ளலாம். தம்பியின் முதலாமாண்டு நினைவஞ்சலி பேனரைப் பார்த்துச் சரி சொல்லத்தான் தீபலட்சுமி முதலியார்பேட்டையில் இருந்த அந்தக் கடைக்கு வந்திருந்தாள். படத்துக்குக் கீழே இருந்த வரியைப் படித்ததும் அவளுக்குக் காது இரண்டும் சுட்டது. 'பணியின்போது தவறி விழுந்து எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திய அன்புச் சகோதரன்.'

"இத யாரு எழுதுனது?"

பக்கத்தில் நின்ற சுப்ரமணி செல்போனைத் தடவினார். தட்டாஞ்சாவடி பிளாஸ்டிக் கம்பெனியில் முகிலனோடு ஒரே மெஷினில் வேலை பார்த்தவர். "மொதலாளிதான் பாப்பா. வாட்ஸ்அப்புல அனுப்பி வுட்டாரு. பேனரு கம்பெனி போடுறதுதான."

தவறி விழுந்து. இந்த இரண்டு வார்த்தைகளோடு நாலு வருஷமாக மல்லுக்கட்டுகிறவள் அவள். வரலாற்றில் முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது கிராட்டரஸின் சாவு. அலெக்சாந்தரோடு இந்தியா வரை வந்து திரும்பிய தளபதி. அரசன் செத்தபின் கூட்டாளிகள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டபோது, யூமெனிஸ் என்பவனின் படையோடு மோதி மாண்டவன். எப்படி மாண்டான் என்பதில்தான் தகராறு. குதிரை இடறி விழுந்தான், யாரென்று தெரியாமல் மிதிபட்டான் என்கிறார் ஒரு பழைய ஆசிரியர். இல்லை, எதிரிப் படையில் இருந்த திரேசிய நாட்டு வீரன் ஒருவன் தாக்கித்தான் விழுந்தான் என்கிறார் இன்னொருவர். தன்னை அடையாளம் காட்டத் தொப்பியைக் கழற்றி எறிந்தும் யாரும் கண்டுகொள்ளாமல் கொன்றுபோட்டார்கள் என்பது மூன்றாவது கதை. தாக்கினான் என்று சொன்னவரே இன்னொன்றும் சொல்கிறார். யூமெனிஸ் வந்தான், குதிரையை விட்டு இறங்கினான், உயிர் போய்க்கொண்டிருந்தவனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அழுதானாம். எதிரே வருவது கிராட்டரஸ் என்பதைச் சொந்தப் படைக்கே சொல்லாமல் மறைத்தவனும் அவன்தான். அதையும் அதே ஆசிரியர்தான் எழுதிவைத்திருக்கிறார். தெரிந்தால், கிராட்டரஸ்மேல் உயிரையே வைத்திருந்த மக்கெதோனிய வீரர்கள் ஆயுதத்தைப் போட்டுவிடுவார்கள் என்ற பயம். இந்தச் சேதிகளெல்லாம் முதலில் யார் வாயிலிருந்து வந்திருக்கும் என்று பார்த்தால், யூமெனிஸின் ஊர்க்காரன் ஒருவன், அவன் பாசறையிலேயே சாப்பிட்டவன் என்றுதான் ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள். அந்த அத்தியாயத்தை அவள் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டாள். நெறியாளர் ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பிக் கொடுத்தார்: ஆய்வாளருக்குக் கோபம் ஆகாது, சான்றுகளை எடை போட்டால் போதும். போடட்டும், தாராளமாகப் போடட்டும். அவருக்குத் தம்பி யாரும் சாகவில்லை.

"சுப்ரமணிண்ணா, அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல எங்கிட்ட என்னா சொன்னீங்க?"

"அத எதுக்கு பாப்பா இப்ப..."

"செயின் வழுக்கிடுச்சி, மோல்டு அவன் மேலயே எறங்கிடுச்சின்னு சொன்னீங்க. உங்க சட்டை பூரா ரத்தம். என் தோள புடிச்சிக்கிட்டு சொன்னீங்க."

குடம் வார்க்கிற இரும்பு அச்சைச் சங்கிலியில் தூக்கி மெஷினுக்குள் இறக்குவதுதான் சுப்ரமணிக்கும் முகிலனுக்கும் வேலை. விசாரணைக்கு அதிகாரிகள் வந்தபோது அவர் வேறு மாதிரி சொன்னார். நான் அந்தப் பக்கம் திரும்பியிருந்தேன், பையனாகத்தான் மேலே ஏறினான், விழுந்துவிட்டான். ஒரே ஆள், ஒரே வாய், இரண்டு சாவு. எது முதலில் வந்தது, எது பயத்தில் வந்தது என்று கண்டுபிடிக்க நாலு வருஷப் படிப்பெல்லாம் வேண்டாம்.

"ரெண்டு பொண்ணு வச்சிருக்கேன் பாப்பா. அந்த கம்பெனி கேட்ட வுட்டா எனக்கு வேற கேட்டு இல்ல."

அவர் கெஞ்சியது அவளுடைய ஆத்திரத்தைக் கூட்டத்தான் செய்தது. பதில் சொல்வதற்குள் அம்மா ரஞ்சிதத்திடமிருந்து போன் வந்தது. முகிலனின் காரியம் முடிந்த கையோடு ஆதிமூலம் அம்மாவைக் கம்பெனி கேண்டீனில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"பேனரு நல்லா வந்துருக்காடி?"

"தவறி வுழுந்துன்னு போட்டுருக்காங்கம்மா."

அம்மா பாத்திரத்தை வைக்கும் சத்தம் கேட்டது. "போட்டா போட்டுட்டுப் போறாங்க. எம்புள்ள கைய புடிச்சிக்கிட்டு அந்த மனுஷன் எப்டி அழுதாரு. நீயுந்தான பாத்த."

"பாத்தேன். அழுதாரு. நான் இல்லன்னா சொன்னேன்? அழுதுட்டா சரியா போச்சா?"

"நாளைக்கு அந்த கேட்டுக்குள்ள நான் போவணும் தீபா." போன் துண்டித்தது.

அந்த அழுகை நடிப்பாக இருந்திருந்தால் எவ்வளவோ வசதி. ஆதிமூலம் உண்மையாகத்தான் அழுதார். மூக்கு ஒழுக, வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு, தெருவே பார்க்க அழுதார். அன்றிலிருந்து யார் வாயைத் திறந்தாலும் அந்த அழுகைதான் பதிலாக வருகிறது. சங்கிலியைப் பற்றிக் கேட்டால், அவர் எப்படி அழுதார் தெரியுமா என்கிறார்கள். இந்த பேனர் நாளைக்குத் தெருமுனையில் நிற்கும். சொந்தக்காரர்கள் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள். அதற்குப் பிறகு முகிலன் தவறி விழுந்தவன்தான். அவனுக்கென்று எவனும் கல்வெட்டு வெட்டப்போவதில்லை. அவனுக்கு வாய்த்தது இந்த பிளெக்ஸ்தான்.

"மாலா, அவுரு படத்த எடுங்க. இந்த வரியையும் எடுங்க."

டிசைன் போடுகிற மாலா சுப்ரமணியைப் பார்த்தாள். "ஆர்டரு கம்பெனி பேருலக்கா."

"செத்தது என் தம்பி."

தீபலட்சுமி சொல்லச் சொல்ல மாலா அடித்தாள். 'தூக்குச் சங்கிலி வழுக்கி, மேலே விழுந்த இரும்பு அச்சால் கொல்லப்பட்ட முகிலன்.' கொல்லப்பட்ட என்ற இடத்தில் அம்மாவின் கேண்டீன் கரண்டி கண்முன் வந்தது. அந்த வேலை போய்விடும். தெரிந்துதான் சொன்னாள்.

பிளெக்ஸ் மெஷின் ஓடத் தொடங்கியது. மை பீச்சும் முனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வர, முதலில் முகிலனின் முடி வந்தது, பிறகு நெற்றி. சுப்ரமணியின் போன் அடித்தது. திரையில் 'மொதலாளி' என்று இருந்ததை அவளும் பார்த்தாள். அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்ததும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மெஷினருகே வந்தார்.

"நிறுத்தும்மா அத."

தீபலட்சுமி அடிக்கப் போகிறவள்போலத் திரும்பினாள். "நீங்க போங்க. நீங்கதான் ஒண்ணும் பாக்கலியே, போங்க!"

"நிறுத்த சொல்லு பாப்பா. செயின் வழுக்கிடுச்சின்னு மொட்டையா போட்டா, அது தானா வழுக்குனாப்ல ஆயிடும்." அவர் மாலாவின் பக்கம் திரும்பினார். "நானும் அவனும் போயி மொதலாளி முன்னாடி நின்னோம். செயினு புடிக்கல சார், மாத்துங்கன்னோம். ஆர்டரு முடியட்டும், அதுவரைக்கும் ஓட்டுங்கன்னாரு. அதையும் போடு."

மாலா மெஷினை நிறுத்தினாள்.

"இத சொன்னது யாருன்னு போடறதுண்ணா? உங்க பேர போடவா?" என்று கேட்டாள் தீபலட்சுமி.

சுப்ரமணியின் சட்டைப் பையில் போன் மறுபடி அடித்தது. மெஷினிலிருந்து பாதி வெளியே வந்து நின்ற பிளெக்ஸில் முகிலனின் நெற்றியும் இரண்டு கண்களும் மை காயாமல் மினுங்கின. வாய் இன்னும் வரவில்லை.